முடுக்கில் பழகிய யெஸ்டி

அகமது மீரானுக்கு எதையும் கழற்றத்தான் தெரியும், மாட்டத் தெரியாது. இதைச் சொன்னது அவன் மனைவி ஃபர்ஹத். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவனைப் பற்றி அவள் சொன்னவற்றிலேயே மரியாதையானது இதுதான். மிக்ஸி, சுவர்க் கடிகாரம், தண்ணீர் மோட்டார் என்று அவன் கை பட்டுப் பிரிந்து கிடந்த சாமான்கள் அந்த வீட்டில் ஏராளம். மஸ்கட்டில் வாகன உதிரிபாகக் கடையில் வேலை பார்ப்பவன். தனித்தனியாகக் கிடந்தால்தான் சாமானுக்கு அழகு என்று அங்கே யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல.

இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறைக்கு வந்தவன், பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்த யெஸ்டி மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது. லோடு ஆட்டோவில் ஏற்றி மேலப்பாளையத்தில் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்வாசல் வழியாக உருட்டி, பின்முற்றத்தில் நிறுத்தினான்.

"மண்ணுல பாயுத வண்டியா மாத்திருதேன், பாரு" என்றான் மனைவியிடம்.

அன்றிலிருந்து கழற்றினான். விடுமுறை முழுக்கக் கழற்றினான். இன்ஜினைப் பிளந்தான், சக்கரத்திலிருந்து கம்பிகளை உருவினான். கழற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனபோது விடுமுறையும் முடிந்தது. எல்லாவற்றையும் சாக்குகளில் அள்ளிக் கட்டி முற்றத்து மூலையில் சாத்திவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

ஃபர்ஹத் அந்தச் சாக்குகளைத் தினமும் தாண்டித் தாண்டித் துணி காயப்போட்டாள். தாண்டும்போதெல்லாம் திட்டினாள். ஒருநாள் தொலைத்துக் கட்டுவதென்று முடிவெடுத்து ஒரு சாக்கை இழுத்து அவிழ்த்தாள். அவிழ்த்தது அவள் தப்பு. உள்ளேயிருந்து உருண்டு வந்தது பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர். கைக்கு அடக்கமான உருப்படி. அதனுள் திருகி வைத்திருந்த பித்தளைத் துண்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடைத்திருந்தது. அடைத்திருக்கும் துளையைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

காரணம் உண்டு. ஃபர்ஹத் தையல் மிஷின் பழுது பார்ப்பவள். அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பெண்கள் நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். மிஷின் மக்கர் செய்தால் அதைத் தூக்கிக்கொண்டு பஜாருக்கு ஓட வேண்டும். ஒருதரம் அவசரத்தில் ஃபர்ஹத் தன் மிஷினைத் தானே திறந்து சரிசெய்தாள். அந்தச் செய்தி முடுக்கு வழியே பரவிற்று. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எந்த மிஷினும் பஜார் போகவில்லை.

முடுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவின் வீடுகளுக்கெல்லாம் பின்வாசல்கள் ஒரே சந்தில் திறக்கும். பெண்கள் மட்டும் புழங்கும் சந்து. ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. யாரும் பலகை எழுதி மாட்டவில்லை, அது அப்படித்தான். தப்பித் தவறி ஒருவன் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் முனையில் நின்று செருமுவான். பெண்கள் ஒதுங்கிய பிறகு தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போய்விடுவான். அந்த ஒரு சந்தில் மட்டும் பெண்கள் முக்காட்டை நழுவவிட்டுச் சத்தமாகச் சிரிப்பார்கள்.

கார்புரேட்டர் துளை அடைப்பு நீங்கியது. அன்று சாயங்காலமே ஃபர்ஹத் அடுத்த சாக்கையும் அவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. துருப்பிடித்த சாமான்களைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டாள். வீட்டில் ரசத்துக்குப் புளி இல்லாமல் போனது தனிக் கதை. மஸ்கட்டிலிருந்து கணவன் வீடியோவில் வருவான். அவள் ஒவ்வொரு உருப்படியாகத் தூக்கிக் காட்டுவாள். அவன் பெயர் சொல்வான். கியர் போடும் கம்பியை மட்டும் காணவில்லை. தொலைத்துவிட்டான் என்று அவனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். அவனும் தொலைத்துத்தான் இருப்பேன் என்று ஒத்துக்கொண்டான். கடைசியில் பார்த்தால், உதைத்துக் கிளப்பும் கம்பியையே உள்ளே தள்ளி முன்னால் திருப்பினால் அதுவே கியர். யெஸ்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வண்டியின் சொந்தக்காரனுக்குத் தெரியவில்லை.

இன்ஜின் கூட்டில் பேரிங் உட்கார மறுத்தது. உலோகத்தைச் சுடவைத்தால் விரியும், குளிரவைத்தால் சுருங்கும் என்று மீரான் யாரிடமோ கேட்டுச் சொன்னான். பேரிங்குகள் ஒரு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் மீன் பொட்டலத்துக்கு அடியில் கிடந்தன. காலையில் கூட்டைத் தோசைக்கல்லில் வைத்துச் சுடவைத்தாள். துணியால் பிடித்து இறக்கி, குளிர்ந்த பேரிங்கை மேலே வைத்ததுதான் தாமதம், 'டொக்' என்று அதுவாகவே போய் உட்கார்ந்துகொண்டது. சுத்தியல் இல்லை, தட்டல் இல்லை. ஃபர்ஹத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுப்படியில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள். அன்று மத்தியானம் சுட்ட தோசையில் லேசாக ஆயில் வாடை வந்தது என்று பிள்ளைகள் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

மண்ணில் ஓட வேண்டிய வண்டி என்பதால் தேவையில்லாத கனமெல்லாம் போயிற்று. நடு ஸ்டாண்டை அறுத்தெறிந்தாள். புகைக்குழாயைப் பட்டறையில் கொடுத்து மேலே தூக்கி வைத்தாள். முன் மட்கார்டு நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் வெட்டியது. பொத்தான் பொத்தானாகப் புடைத்த டயர்களை மீரான் எங்கெங்கோ விசாரித்து அனுப்பிவைத்தான். சீட்டை அவளே தடித்த ரெக்ஸினில் இரட்டைத் தையல் போட்டுத் தைத்தாள். டேங்குக்கு என்ன நிறம் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பளபளக்கும் கறுப்பு. அதன்மேல் பொன்னிறத்தில் கொடியும் பூவும், பழைய தையல் மிஷின் தலையில் இருக்குமே, அதே மாதிரி.

முதல்முறை அது உயிர் பிடித்தபோது முற்றம் முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு ஆபிதா பீவியின் கோழிகள் மதிலேறிவிட்டன. ஆபிதா பீவி அந்த முடுக்கின் மூத்தவள். அவள் சொன்னால் முடுக்கில் மறுபேச்சு இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வந்தவள், உறுமிக்கொண்டிருந்த கறுப்பு வண்டியையும் கரியும் சிரிப்புமாக நின்ற ஃபர்ஹத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"செஞ்சா மட்டும் போதுமா? ஏறி உக்காருட்டி" என்றாள்.

ஃபர்ஹத் அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஓட்ட வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் ஆபிதா பீவி சொன்ன அந்த நிமிஷத்தில், ரொம்ப நாளாக உள்ளே உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து நின்றதுபோல் இருந்தது.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்னால், முடுக்கு அவளுடையதாயிற்று. பெண்கள் வாளிகளையும் கோழிகளையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கதவுகளில் நிற்பார்கள். இரண்டு பக்கமும் சுவர். சாய்ந்தால் கையை ஊன்றிக்கொள்ளலாம், விழ இடமில்லை. முதலில் தவழ்ந்தாள், பிறகு ஓட்டினாள், பிறகு பறந்தாள். ஒரு முனைக் குழாயடியில் கிளம்பினால் மறுமுனைக் குழாயடி வரை ஒரே பாய்ச்சல்.

குழாயடியில் வண்டியை வளைத்து ஓட்ட இடம் கிடையாது. தூக்கித் திருப்ப மட்டும் இடமுண்டு. பின்சக்கரத்துக்கு மூன்று பேர், முன்னால் இரண்டு பேர். ஆபிதா பீவி "பிஸ்மில்லாஹ்" என்பாள். எல்லோருமாக ஒரு தூக்கு. வண்டி மறுபக்கம் பார்த்து நிற்கும். ஃபர்ஹத் திரும்பப் பாய்வாள். இதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த முடுக்கில் கட்டிலையும் பீரோவையும் அப்படித்தான் திருப்புவார்கள்.

கோடை விடுமுறைக்கு மீரான் வந்தான். வந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான், டேங்கைத் தடவினான், போட்டோ எடுத்து மஸ்கட் முழுக்க அனுப்பினான். கங்கைகொண்டான் பக்கம் வற்றிப்போன ஒரு குளத்தில் வருடாவருடம் பழைய வண்டிகளுக்கு மண்பந்தயம் நடக்கும். பாளையங்கோட்டை விளையாட்டு வாத்தியார் சத்தியநேசன் என்பவர் நடத்துவது. மீரான் போன கையோடு தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றான்.

ஃபர்ஹத் அப்போது சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வடித்து முடித்து, பானையை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"நான் ஓட்டுதேன் மச்சான்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பை நிறுத்தினான். "நீயா? எங்கன வச்சுப் பழகுன?"

"முடுக்குல."

மீரான் நல்லவன்தான். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவனுக்கும் இருந்தது. கீழே விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. நிஜமாகவே ஓட்டுகிறாளா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். முடுக்கை எட்டிப் பார்க்கவோ கூடாது. மறுநாள் பின்கதவைச் சாத்திக்கொண்டு முற்றத்தில் நின்று காதைத் தீட்டினான். வண்டி கிளம்பியது. சுவரெல்லாம் அதிர அவனைக் கடந்து போயிற்று. தூரத்தில் போய் உறுமல் தணிந்தது. யாரோ "பிஸ்மில்லாஹ்" என்பது கேட்டது. திரும்பவும் உறுமிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. போகிறாள், வருகிறாள். ஒருதடவை இல்லை, பல தடவை. இதற்குமேல் என்ன வேண்டும்? அவன் கண் கலங்கிவிட்டது.

"நீயே ஓட்டு. நான் பேர மாத்திக் குடுத்துருதேன்" என்றான், அவள் உள்ளே வந்ததும். ஃபர்ஹத் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள். கழற்றினால் அழுவது தெரிந்துவிடும்.

பந்தயத்தன்று முடுக்கே வேன் பிடித்துக் கிளம்பியது. புளிச்சோற்றுத் தூக்குகள், தண்ணீர்க் குடங்கள், கறுப்புப் புர்காக்கள். முன்சீட்டில் ஆபிதா பீவி. ஃபர்ஹத் முழங்காலிலும் முழங்கையிலும் பஞ்சு வைத்துத் தைத்த சட்டையும் கால்சட்டையும் போட்டு, மேலே புர்காவை மாட்டியிருந்தாள். லோடு ஆட்டோவில் மீரான் வண்டியைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி வந்தான்.

குளத்துக்குள் வண்டிகள் சீறிக்கொண்டிருந்தன. பாளம்பாளமாக வெடித்த மண்ணை உழுது சமப்படுத்தி, சுண்ணாம்புப் பொடியால் பாதை போட்டு, இருபுறமும் காகிதக் கொடி கட்டியிருந்தார்கள். ஃபர்ஹத் ஆபிதா பீவியைக் கூட்டிக்கொண்டு பாதையைப் பார்க்க நடந்தாள். கிளம்பும் கோட்டிலிருந்து நேராகக் குளக்கரையைப் பார்த்துப் போனது. கரை அடிவாரத்தில் வெடுக்கென்று இடது பக்கம் திரும்பியது. அப்புறம் வலது. அப்புறம் மறுபடி இடது.

அவள் நின்றுவிட்டாள்.

"மாமி, இதுல வளையணும்லா. நாம ஒரு தடவகூட வளைச்சதில்லையே."

ஆபிதா பீவி பாதையைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். "இதை இப்பம் சொல்லுத?" என்றாள்.

அங்கே மீரான் கூட்டத்துக்கு நடுவில் நின்று, என் வீட்டுக்காரி செய்த வண்டி, அவளேதான் ஓட்டப் போகிறாள் என்று கண்டவனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். இப்போது பின்வாங்கினால் அந்தச் சிரிப்பு ஊர் வரை கூடவே வரும். வண்டியும் முற்றத்து மூலைக்குப் போய்விடும். அடுத்த வருடம் மீரான் ஓட்டுவான், இவள் துடைத்துக் கொடுப்பாள். வண்டியைக் குளத்தோரத்து வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் ஒருமுறை வளைத்துப் பார்த்தாள். ஹேண்டிலைத் திருப்பியதும் வண்டி சாய்ந்தது. சாய்ந்ததும் பழக்கத்தில் சுவரைத் தேடிக் கையை நீட்டினாள். சுவர் இல்லை. பொத்தென்று விழுந்தாள். நல்லவேளை, ஆபிதா பீவியைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

ஆபிதா பீவி அவள் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, புர்காவைக் கழற்றச் சொல்லி மடித்து வாங்கிக்கொண்டாள். ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் தானே மாட்டினாள்.

"நீ நேரா போ. திருப்புததுக்கு நாங்க இருக்கோம்லா."

ஃபர்ஹத் கோட்டில் போய் நின்றாள். பழைய புல்லட், ராஜ்தூத், இன்னும் இரண்டு யெஸ்டி. சத்தியநேசன் கொடியை இறக்கினார்.

அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தையை அவள் முழு மனதாகச் செய்தாள். முடுக்கில் இரண்டாம் கியருக்குமேல் இடமில்லை. இங்கே மூன்றாவது விழுந்தது. அப்படி ஒரு பாய்ச்சலை அந்தப் பொன்கொடி போட்ட வண்டி தன் ஆயுளில் பாய்ந்திருக்காது. முடுக்குச் சுவர்கள் இரண்டும் கூடவே ஓடி வருகிற மாதிரியும், திடீரென்று அவை விழுந்துபோய் வானமாக விரிந்துவிட்ட மாதிரியும் அவளுக்கு இருந்தது. எல்லா வண்டிகளுக்கும் முன்னால் அவள்தான். ஹெல்மெட்டுக்குள் கத்திக்கொண்டே போனாள், என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

திருப்பம் வந்தது. மற்றவர்கள் எல்லோரும் இடது பக்கம் வளைந்தார்கள். ஃபர்ஹத் வளையவில்லை. காகிதக் கொடியை அறுத்துக்கொண்டு நேராகப் போனாள். கரைச்சரிவு முன்னால் எழுந்து நின்றது. இப்போது ஆக்ஸிலேட்டரை முடுக்கினால்தான் உண்டு என்று கைக்குத் தெரிந்தது. முடுக்கினாள். பொத்தான் டயர் மண்ணை வாரி இறைத்தது. கரைமேல் நின்றவர்கள் சிதறினார்கள். யெஸ்டி திணறி, கனைத்து, ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறி, இரண்டு பனைமரங்களுக்கு நடுவில் போய் நின்றது.

குளத்தில் எழுந்த கூச்சல் இருக்கிறதே! எந்த வண்டியும் அந்தக் கரையில் ஏறியதில்லை, ஏறும் என்று யாரும் நினைத்ததும் இல்லை.

ஆனால் அவள் மேலே நிற்கிறாள். முன்னால் கீழே வயல். திரும்பத் தெரியாது. கரை முழுக்க ஆண்கள் கூடிவிட்டார்கள், ஆளுக்கு ஒரு யோசனை. மீரான் செருப்பு கழன்றது தெரியாமல் ஓடிவந்து கரையில் ஏறப்போனான்.

அப்போது அவனுக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது.

ஆபிதா பீவி. அவளுக்குப் பின்னால் முடுக்குப் பெண்கள் அத்தனை பேரும். இன்னொரு முறை செருமினாள், நன்றாக, தொண்டை திறந்து. அவள் வாழ்நாளெல்லாம் முடுக்கு முனையில் ஆண்கள் செருமக் கேட்டவள். வேடிக்கை பார்க்க வந்திருந்த மேலப்பாளையத்து ஆண்களுக்குக் கால் தானாக ஒதுங்கியது. அவர்கள் ஒதுங்கியதைப் பார்த்து, காரணம் தெரியாத மற்றவர்களும் ஒதுங்கினார்கள். கரைமேல் உச்சி வரை ஒரு சந்து விழுந்தது.

"மீரானு, அங்கனயே நில்லு" என்று சொல்லிவிட்டு ஆபிதா பீவி ஏறினாள். புர்காவை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் ஏறினார்கள். மீரான் அடிவாரத்திலேயே நின்றான். மேலே இன்ஜினின் உறுமல் தணிந்தது. "பிஸ்மில்லாஹ்" என்று பல குரல்கள் சேர்ந்து கேட்டன. மறுபடி உறுமல் ஏறியது. பின்கதவுக்கு உள்ளே நின்று கேட்ட அதே சத்தம், அதே வரிசை. அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஃபர்ஹத் ஏறின வழியே நேராக இறங்கினாள், நேராக ஓட்டினாள், கிளம்பின கோட்டையே தாண்டி நிறுத்தினாள். மற்ற வண்டிகள் கடைசிச் சுற்றின் கடைசித் திருப்பத்தில்தான் இருந்தன. சத்தியநேசன் மைக்கைக் கையில் எடுத்தார். சட்டப்படி அவள் பந்தயத்தில் இல்லை என்று அறிவித்தார். அறிவித்துவிட்டு, அடுத்த வருடம் கரையேற்றத்துக்கென்று தனிப் பந்தயம் உண்டு என்றார். ஜெயித்த ராஜ்தூத்காரனுக்கு யாரும் கை தட்டவில்லை. அவனே கரையில் விழுந்திருந்த டயர் தடத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

லோடு ஆட்டோ பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது. யெஸ்டி எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. பெண்கள் தங்கள் தங்கள் இடத்தில் கை வைத்தார்கள். மீரான் நாலடி தூரத்தில் வந்து நின்றான். முடுக்கு முனையில் நிற்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு செருமினான்.

"மாமி, நானும் ஒரு கை புடிக்கட்டா?"

ஆபிதா பீவி அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஃபர்ஹத்தைப் பார்த்தாள். ஃபர்ஹத் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் மண்ணும் வேர்வையும். அவள் தலையை ஆட்டினாள்.

"பின்னால புடி" என்றாள் ஆபிதா பீவி. "கழத்திராத."

"பிஸ்மில்லாஹ்" என்று எல்லோருமாகச் சொன்னார்கள், மீரானும்தான். வண்டியோடு சேர்த்து அவளையும் தூக்கித் திருப்பினார்கள்.